லீவு வேண்டாம் என்றவள்

ஒரகடத்தில் ஆள் எடுக்கும் வேலையில் இருந்தேன் என்று சொன்னால் இப்போதும் சிலர் என்னை மரியாதையோடு பார்ப்பார்கள். நாற்காலியில் சாய்ந்துகொண்டு ‘நீ உள்ளே, நீ வெளியே’ என்று விரலை நீட்டியிருப்பேன் என்று நினைப்பு. நடந்தது தலைகீழ். நாங்கள்தான் ஊர் ஊராகப் போய் ‘வாங்கம்மா, வாங்கம்மா’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய வருடங்கள் அவை. செல்போன் சார்ஜருக்குள் இருக்கும் சின்னச் சின்ன சர்க்யூட் பலகைகளைச் செய்த கம்பெனி எங்களுடையது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை புதிது புதிதாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்தன. பையன்களைக் கார் கம்பெனிகள் அள்ளிக்கொண்டு போயின. பெண்களைப் பெரிய செல்போன் கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. மிச்சம் மீதி எங்களைப் போன்ற சின்னக் கம்பெனிக்கு. ப்ளஸ் டூ முடித்திருக்க வேண்டும், கண் பார்வை சரியாக இருக்க வேண்டும், விரல் நடுங்கக் கூடாது. இன்டர்வியூவில் துளை போட்ட ஒரு பலகையைக் கொடுத்து, அதில் மெல்லிய ஊசிகளைச் செருகச் சொல்வோம். அவ்வளவுதான் பரீட்சை. அதில் தோற்றவர்கள் குறைவு. ஜெயித்தவர்கள் நிலைத்து நிற்பதுதான் எங்களுக்குப் பெரும்பாடு.

ஒரு மாதச் சம்பளம் வாங்குவார்கள், மறுநாள் காணோம். ஹாஸ்டலில் கேட்டால் பெட்டியும் இருக்காது. எங்கள் மேலாளர் இதற்கு வைத்திருந்த பெயர் அட்ரிஷன். சென்னையிலிருந்து தினமும் காரில் வந்து போகிறவர், நல்ல மனிதர்தான். ஆனால் எந்தத் தொல்லைக்கும் ஒரு இங்கிலீஷ் பெயர் கிடைத்துவிட்டால் பாதி தீர்ந்த மாதிரி அவருக்கு. ‘அட்ரிஷன் ஜாஸ்தியா இருக்கே’ என்று என்னைப் பார்த்துச் சொல்வார். என்னவோ நான் அடுப்பில் வைத்துப் பொங்க விட்டது போல.

நான் சேரப்பணஞ்சேரியில் வாக்கப்பட்டவள். கம்பெனி பஸ் வீட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கும். ஒருநாள் படப்பைக்குக் காய்கறி வாங்கப் போனபோது பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண் பெட்டியோடு நின்றிருந்தாள். முந்தின மாதம் நான் சேர்த்த பெண். சாப்பாடு சரியில்லையா, ஏசி குளிரா, சூப்பர்வைசர் திட்டினாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினாள். “பேச ஆள் இல்லக்கா. ரூம்ல ஆளுக்கொரு ஊரு. நான் வாயத் தொறந்தாலே சிரிக்காளுவ” என்றாள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். எனக்குத்தான் காய்கறிப் பையோடு அங்கிருந்து நகர மனம் வரவில்லை.

அதன் பிறகுதான் அந்த யோசனை வந்தது. ஆளுக்கொரு ஊரில் எடுத்தால்தானே இந்தக் கதி? ஒரே ஊரில் மொத்தமாக எடுத்தால் என்ன? ஆடி மாதம் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆள் எடுக்கப் போனோம். ஒரு கிராமத்திலிருந்து ஒரு மினி பஸ் நிறையப் பெண்கள் வந்து இறங்கினார்கள். மேலாளர் அதில் நாலைந்து பேரை எடுக்கலாம் என்றார். நான் பிடிவாதம் பிடித்து முப்பது பேரையும் எடுக்க வைத்தேன். எங்கள் தொழிற்சாலையில் ஒரு லைனுக்கு முப்பது பேர். ஊரோடு ஒரு லைன் என்று நான் சொன்னது அவருக்குப் பிடித்துப் போயிற்று.

அந்த மினி பஸ்ஸை ஓட்டி வந்தவரும் அதே ஊர்க்காரர். அவர் மகளும் முப்பதில் ஒருத்தி. கிளம்பும்போது அவர் என்னிடம் வந்து, “பிள்ளையள நல்லபடியா பாத்துக்கிடுங்க மேடம். எம்மவ கொஞ்சம் பேசமாட்டா, மத்தபடி கெட்டிக்காரி” என்றார். காக்கிச் சட்டையில் பொத்தான் ஒன்று இல்லாமல் இருந்தது, அதைக் கையால் பிடித்துக்கொண்டே பேசினார்.

யோசனை பலித்தது. பத்து மாதத்தில் அந்த லைனிலிருந்து ஒருத்தியும் போகவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் மேசைப் பக்கம் போனால் ஒரு கல்யாண வீட்டுச் சத்தம். என்னை முதலில் மேடம் என்றார்கள், பிறகு அக்கா என்றார்கள். எச்.ஆரை அக்கா என்று கூப்பிடுவது முறையில்லை என்று மேலாளர் முணுமுணுத்தார். மேலிடத்துக் கூட்டத்தில் ‘ஊரோடு ஒரு லைன்’ திட்டத்தைத் தன் திட்டமாகச் சொல்லிப் பாராட்டு வாங்கி வந்த பிறகு முணுமுணுப்பது நின்றது.

வைகாசி பிறந்தது. ஒருநாள் மதியம் நாலு பெண்கள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்கள். ஊரில் அம்மன் கொடை, எட்டு நாள் லீவு வேண்டும் என்றார்கள்.

“யார் யாருக்கு?” என்றேன்.

“எல்லாருக்கும்தான்க்கா.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பது பேருக்கும் ஒரே ஊர் என்றால் ஒரே சாமி. ஒரே சாமி என்றால் ஒரே திருவிழா. இதை யோசிக்காமல் ஒரு முழு லைனை ஒரே அம்மனிடம் ஒப்படைத்திருக்கிறேன். அந்த ஊர் வழக்கப்படி திருவிழாவுக்குக் கோயிலில் பந்தல் கால் நாட்டிவிட்டால் ஊர்க்காரர்கள் யாரும் வெளியூரில் ராத் தங்கக் கூடாது. கல்யாணமாகாத பெண்கள் முளைப்பாரி போட்டு, தண்ணீர் தெளித்து வளர்த்து, கொடையன்று தலையில் சுமக்க வேண்டும். வருகிற பெண் குறைந்தால் ஊருக்கு ஆகாதாம். முதல் வருடம் எல்லோரும் டிரெயினிகள்தான், அவர்களுக்கு மாதம் ஒருநாள்தான் லீவு. சொல்லாமல் போனால் கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள். அனுப்பினாலும் போவோம் என்று அந்த நாலு பேரும் மரியாதையாகச் சொன்னார்கள்.

மேலாளரிடம் போனேன். “முப்பது பேருக்கும் ஒரே நாள்ல சாமி வருமா?” என்று கேட்டார்.

“ஒரே ஊர் சார்.”

“யார் ஒரே ஊர்ல எடுத்தது?” என்றார். திட்டம் அன்றைக்கு மறுபடியும் என்னுடையதாகிவிட்டது.

அந்த நேரத்தில் என்னைக் காப்பாற்றியது பக்கத்து லைன் லீடர். வல்லக்கோட்டைக்காரி, என்னைவிட மூத்தவள், தொண்டை பெரிசு. தென்மாவட்டத்துப் பெண்களின் பேச்சைக் கேட்டுத் தினமும் கிண்டல் பண்ணுகிறவள் அவள்தான். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இன்னா, மூஞ்சி ஒரு மாரி கீது?” என்றாள். சொன்னேன்.

“இவ்ளோதானா? நாங்க ஓ.டி. பாத்து அதுங்க லைனை ஓட்டிக்கிறோம். அதுங்க போய் கும்பிட்டுகினு வரட்டும். ஆடிக் கிருத்திகைக்கு எங்களுக்கு முருகன் கோயில்ல காவடி, வூட்ல விருந்தாளுங்க. ஒரு தபாகூட எங்களுக்கு லீவு தந்ததில்ல உங்க சாரு. அன்னிக்கு அதுங்க எங்க லைனை ஓட்டட்டும். சரியா பூடும்.”

அம்மனுக்கு முருகன். இதைவிட நேரான கணக்கை எந்த மேலாளரும் எனக்குச் சொன்னதில்லை. ஓ.டி. சம்பளத்துக்கு மேலிடம் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று மேலாளர் இழுத்தார். லைன் ஒரு வாரம் நின்றால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவருக்கும் அது தெரியும். இரண்டு நாள் அவரை நிற்க விடாமல், உட்கார விடாமல் படுத்தி எடுத்துக் கடைசியில் சம்மதிக்க வைத்தேன். முப்பது பேருக்கும் லீவு. கேன்டீனில் அதைச் சொன்னபோது அந்தப் பெண்கள் மேசையைத் தட்டினார்கள். எனக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை.

அன்று மாலை மினி பஸ்காரரின் மகள் என் அறை வாசலில் நின்றாள். வேறு யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

“அக்கா, எனக்கு லீவு குடுக்காதிய.”

எனக்குப் புரியவில்லை. உடம்பு சரியில்லையா என்றேன்.

“இல்லக்கா. லீவு இல்லன்னு சொல்லிருங்க. எங்க வீட்ல கேட்டா கம்பெனி விடலன்னு நான் சொல்லிக்கிடுதேன்.”

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். கொடைக்கு வெளியூர்ச் சொந்தமெல்லாம் வருவார்கள். அந்த நேரத்தில்தான் பெண் பார்ப்பதும் பேசி முடிப்பதும். அவளுக்கு மும்பையில் கடை வைத்திருக்கும் ஒரு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். நல்ல குடும்பம்தானாம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பெண் வேலைக்குப் போவது அவர்களுக்கு இஷ்டமில்லை. போய் ஊரில் இறங்கிவிட்டால் அம்மா திரும்ப அனுப்ப மாட்டாள்.

“ஆடி வந்தா எனக்கு ஒரு வருசம் முடியும்லாக்கா” என்றாள்.

அது எனக்குத் தெரியும். ஆள் பஞ்சம் இருந்தும், சம்பளம் கூடிவிடும் என்று, ஒரு வருடம் முடிந்ததும் டிரெயினிகளில் பாதிப் பேரைத்தான் பெர்மனென்ட் ஆக்குவார்கள். மற்றவர்களுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள். அவளை லைன் கடைசியில் பலகைகளைச் சோதிக்கும் டெஸ்டிங் பிரிவுக்கு ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள், கட்டாயம் ஆகிவிடுவாள். பெர்மனென்ட் ஆகிவிட்டால் யாரும் சுலபமாகப் போகச் சொல்ல முடியாது. ஒரு தடவை கையில் அது வந்துவிட்டால் வீட்டில் பேசுவதற்கு ஒரு தெம்பு வரும் என்று அவள் நினைத்தாள். அதற்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது.

எனக்கு உள்ளுக்குள் கோபம் வந்தது. அவள் மேல் அல்ல. முப்பது பேருக்கும் லீவு வாங்கித் தரப் பாடுபட்டு, இந்த ஒருத்தியிடம் இருந்த ஒரே சாக்கையும் நானே பிடுங்கியிருக்கிறேனே என்று. மேலாளரிடம் போய், ஒருத்திக்கு மட்டும் லீவு இல்லை என்று சொல்ல வேண்டும் என்றேன். “நீதானேம்மா எல்லாருக்கும் கேட்டே?” என்று தலையில் கையை வைத்துக்கொண்டார். காரணத்தைச் சொன்னேன். பேனாவை மூடி மூடித் திறந்தார். “இதெல்லாம் எச்.ஆர். வேலையா?” என்றார். பிறகு, “சரி, நீயே பாத்துக்கோ” என்றார்.

அவளை மட்டும் கடைசி நேரத்தில் கம்பெனி நிறுத்திவிட்டது என்று மற்றவர்களிடமும் சொல்லிவைத்தேன். இருபத்தொன்பது பேர் ஊருக்குப் போனார்கள். இரண்டாம் நாள் காலையில் அவள் அப்பா எனக்குப் போன் செய்தார். எல்லாப் பிள்ளைகளும் வந்து இறங்கிவிட்டார்கள், தன் மகளை மட்டும் ஏன் விடவில்லை என்று கேட்டார். நான் தயாராக வைத்திருந்த பொய்யைச் சொன்னேன். டெஸ்டிங் மிஷினை உங்கள் மகளுக்கு மட்டும்தான் ஓட்டத் தெரியும், அவள் போனால் மிஷின் நின்றுவிடும் என்றேன். “அப்பிடியா?” என்று இழுத்தார். பிறகு, “சரிங்க மேடம்” என்று வைத்துவிட்டார். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை செக்யூரிட்டி கூப்பிட்டு, “மேடம், உங்களாண்ட பேசணும்னு ஒருத்தர் வந்துகீறார், திருநெல்வேலியாம்” என்றார். ரிசப்ஷனில் அவர்தான் உட்கார்ந்திருந்தார். ஊரில் கால் நாட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பதால் ராவோடு ராவாகப் பஸ் பிடித்து வந்திருக்கிறார். இப்போது வெள்ளைச் சட்டை, எல்லாப் பொத்தானும் இருந்தது. காலடியில் ஒரு பை. முகத்தில் தூக்கமில்லை, கோபம் இருந்தது, ஆனாலும் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

மிஷின் கதையை நான் மறுபடி ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“மேடம், நான் மினி பஸ் ஓட்டுதவன். ஒருநாள் நான் வரலன்னா எங்க முதலாளி இன்னொருத்தன ஏத்தி வண்டிய எடுத்துருவாரு. என்னால வண்டி நின்னதே இல்ல. இம்புட்டுப் பெரிய கம்பெனில எம்மவ ஒருத்தி இல்லன்னா மிஷின் நிக்குமோ?”

அவளைக் கூப்பிட்டு அனுப்பினேன். தொப்பியும் நீலக் கோட்டுமாக வந்து நின்றாள். அவளைக் கண்டதும் அவர் முகம் ஒரு நொடி மலர்ந்து, மறுபடி இறுகியது.

“ஏட்டி, லீவு கெடைக்கலயா, நீ கேக்கலயா?”

அவள் என்னைப் பார்த்தாள். என்ன சொன்னால் நல்லது என்று எனக்கும் தெரியவில்லை.

“கேக்கலப்பா.”

“அந்த மாப்பிள்ளயப் புடிக்கலயா?”

“அவியளப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. இன்னும் ரெண்டு மாசம் இருந்தா என்னய பெர்மனென்ட் ஆக்குவாவ. டெஸ்டிங்ல போட்டுருக்காவ. அதுக்குப் பொறவு நீங்க யாரச் சொன்னாலும் உக்காந்து பேசுதேன். இப்பம் வந்தா அம்ம விடமாட்டா.”

பேசமாட்டாள் என்று அவரே என்னிடம் சொன்ன பெண். அத்தனை சொற்களை அவள் வாயிலிருந்து நானும் அதுவரை கேட்டதில்லை.

“இத போன்லயே சொல்லக்கூடாதா?”

“சொன்னா கேட்டுருப்பியளா?”

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அதனால்தான் அந்த மனிதரை எனக்கு இன்றும் பிடிக்கிறது. “கேட்டுருக்க மாட்டேன்” என்றார்.

அந்த நேரத்தில் அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. பழைய போன், பேசுகிறவர் குரல் அறை முழுக்கக் கேட்கும். அவர் மனைவி. மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு கிளம்பியாயிற்றா என்று கேட்டாள். அவர் மகளைப் பார்த்தார். அவள் கோட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எங்கட்டி கெளம்ப? விடமாட்டேங்காவ” என்றார் அவர். “நானும் கெஞ்சிப் பாத்துட்டேன். இவதான் மிஷின ஓட்டணுமாம். இவ இல்லன்னா நின்னுருமாம். ஆமா, மத்தவள்ளாம் சும்மா மாட்டுத வேல. இவளுக்கு மட்டுந்தான் இந்த மிஷின். அங்க பாத்தேன், ஒரு லாரி ஒசரம் இருக்கு.”

டெஸ்டிங் மிஷின் ஒரு தையல் மிஷின் அளவுகூட இருக்காது. அவர் அதைப் பார்க்கவும் இல்லை. நான் சொன்ன பொய்யை ஐந்து நிமிடத்துக்கு முன்னால் என் முகத்துக்கு நேரே கிழித்துப் போட்ட மனிதர், இப்போது அதே பொய்யை என்னைவிட அழகாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதோடு விடவில்லை. எங்கள் கம்பெனியை வறுத்து எடுத்தார். ஈவு இரக்கம் இல்லாத கம்பெனி, ஆத்தா கொடைக்குக்கூடப் பிள்ளைய விடாத கம்பெனி, இங்கே இருப்பவர்களுக்கெல்லாம் சாமி பயமே கிடையாது. லீவுக்காக இரண்டு நாள் மன்றாடியவள் நான். அந்தத் திட்டு ஒவ்வொன்றும் எனக்குப் பாயசமாக இறங்கியது.

மேலாளர் காபிக்காக அந்தப் பக்கம் வந்தவர், தன் கம்பெனி இப்படி நாறுவதைக் கேட்டு நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

அம்மா விடுவதாக இல்லை. “மேனேஜரு இருந்தா குடுங்க, நான் கேக்கேன்” என்று அந்தச் சின்னப் போனிலிருந்து குரல் வந்தது. அவர் என்ன செய்வதென்று தெரியாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மேலாளர் தானாகவே கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

“மேனேஜர் பேசறேம்மா. லீவு கொடுக்க முடியாதும்மா. ரெண்டு மாசத்துக்கு முடியாது.”

அந்த அம்மா அழுதாள். நாளைக்குக் கால் நாட்டுதாவ, ஊரே வந்துட்டு, எம்பிள்ள மட்டும் இல்ல என்றாள். அந்த அழுகை பொய்யில்லை. அவளும் பெண்ணுக்கு நல்லது நினைத்தவள்தான். கடைசியாக அவள் கேட்டாள், “ஒங்க வீட்ல ஒரு பொம்பளப் பிள்ள இருந்தா இப்பிடித்தான் செய்வியளா?”

மேலாளருக்கு ஒரே மகள். சென்னையில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தாள். அவள் எந்த நேரத்துக்கு வீட்டுக்கு வருவாள் என்று அவருக்கு எப்போதும் ஒரு கவலை. சுவரில் ஒட்டியிருந்த பாதுகாப்பு விதிகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, “இருக்காம்மா. என் பொண்ணா இருந்தாலும் இதைத்தான் செய்வேன்” என்றார். போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, காபி வாங்காமலே தன் அறைக்குப் போய்விட்டார்.

அப்பா போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். காலடியில் வைத்திருந்த பையிலிருந்து ஒரு முறுக்குப் பொட்டலத்தை எடுத்து மகளிடம் கொடுத்தார்.

“ரெண்டு மாசத்துக்குத்தான் இந்தப் பொய் தாங்கும், கேட்டியா? அதுக்கு மேல நீயேதான் ஒங்கம்மட்ட பேசணும்.”

“பேசுதேன்ப்பா.”

“நானும் பக்கத்துல இருக்கேன்” என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே கேட்டைப் பார்த்து நடந்தார். அவர் வெளியே போகிற வரைக்கும் அடக்கிக்கொண்டு நின்றவள், அதன் பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.